ஓடும் வண்டியில் பென்சில்: புறநகர் ரயிலிலும் பேருந்திலும் விரைந்து வரைவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்வண்டியில் பல ஆண்டுகளாக நோட்டும் பென்சிலுமாகப் பயணம் செய்துவருகிறேன். பக்கத்து இருக்கைக்காரர்களும், தாமும் தொடங்க விரும்பும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் என் பழக்கத்திலிருந்து வந்தவை. ஓவியப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சில இடங்களில் வேறுவிதமாகச் சொல்லக்கூடும்.

இது எந்த வகை வரைதல்? இதற்குத் தனிப் பெயர் உண்டா?

கண்முன்னே இருப்பதை, இருக்கும் இடத்திலேயே, அது கலைந்துபோவதற்குள் சில கோடுகளில் பிடித்துவைப்பதுதான் இது. கோட்டோவியம், விரைவோவியம் என்று எழுத்தில் சொல்லலாம். பேச்சில் எல்லோரும் ‘ஸ்கெட்ச்’ என்றே சொல்கிறார்கள், ஆனால் சென்னையில் ஒருவரைப் பார்த்துக்கொண்டே ‘ஸ்கெட்ச் போடுகிறேன்’ என்று சொன்னால் அவரைத் தாக்கத் திட்டம் போடுகிறேன் என்ற வேறு பொருளும் அதற்கு உண்டு என்பதால், ரயிலில் கேட்பவர்களிடம் ‘படம் வரைகிறேன்’ என்று சொல்வதே பாதுகாப்பானது.

வழக்கம் புதிதன்று. 1850இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியின் மாணவர்கள் ரயில் நிலையங்களில் உட்கார்ந்து, காத்திருப்பவர்களையும் உறங்குபவர்களையும் வரைந்து கை பழகுவது பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. உலக அளவில், சியாட்டில் நகரத்துப் பத்திரிகையாளரும் ஓவியருமான கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் இணையத்தில் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ குழு, நேரில் பார்த்து வரைவதையே தன் முதல் விதியாக வைத்திருக்கிறது.

எனக்கு வரையவே தெரியாது. ரயிலில் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம், ஆனால் முகத்தில் தொடங்காதீர்கள். தரையைப் பாருங்கள், எதிர் வரிசையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் பன்னிரண்டு கால்கள் இருக்கும், அவற்றில் ஒன்று செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதன் மேல் ஏறியிருக்கும், ஒன்று தாளம் போடும், ஒன்று பைக்கு முட்டுக்கொடுத்து நிற்கும். ‘என்ன பார்க்கிறாய்’ என்று எந்தக் காலும் கேட்பதில்லை. முதல் மாதம் முழுவதும் கால்களையும் பைகளையும் மட்டுமே வரைந்தாலும் குறைவொன்றுமில்லை.

எந்தப் பென்சில் வாங்க வேண்டும்?

பென்சிலுக்குள் இருப்பது ஈயமன்று. கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. களிமண் கூடினால் கடினமும் வெளிர்நிறமும், கிராஃபைட் கூடினால் மென்மையும் கருமையும் வரும். 1795இல் பிரான்சின் நிக்கோலா ழாக் கோந்தே இந்தக் கலவை முறைக்கு உரிமம் பெற்றார். இன்று பென்சிலின் மேல் அச்சிட்டிருக்கும் எச்பி, 2பி, 4பி, 6பி என்ற குறிகள் எல்லாம் இந்த விகிதத்தைத்தான் சொல்கின்றன.

ரயிலுக்கு என் தேர்வு 2பி. எச்பியில் கருமை வரவேண்டுமானால் அழுத்த வேண்டும், ஆடும் வண்டியில் அழுத்தினால் தாள் கிழியும். 6பி அழகாகக் கறுக்கும், ஆனால் தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் பாதிப் படம் உள்ளங்கைக்கு வந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். மே மாதத்தில் வியர்த்த கை தாளைத் தொட்ட இடத்தில் பென்சில் சரியாகப் பிடிக்காது என்பதால், கைக்குட்டையை நான்காக மடித்து மணிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

வீட்டிலேயே பிளேடால் முனையை நீளமாகச் சீவி, மூன்று பென்சில்களை எடுத்துச் செல்வது நல்லது. கூர்முனையால் மெல்லிய கோடும், முனையைப் படுக்கவைத்தால் அகலமான தீற்றலும் ஒரே பென்சிலில் கிடைக்கும். ஓடும் வண்டியில் பிளேடைக் கையில் எடுக்காதீர்கள். அடுத்தவர் முழங்கை எப்போது இடிக்கும் என்று சொல்ல முடியாது. பென்சிலைத் தரையில் விழவிடுவதும் ஆகாது. வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே குச்சி பல துண்டுகளாக முறிந்திருக்கும், பிறகு சீவச் சீவ முனை கழன்று விழுந்துகொண்டே இருக்கும்.

மைக்ரோ டிப் பென்சில் கூடாதா என்று கேட்பார்கள். சீவ வேண்டியதில்லை என்ற வசதி உண்மைதான், ஆனால் 0.5 குச்சி ஒவ்வொரு தண்டவாள அதிர்வுக்கும் ஒடிகிறது.

நோட்டு?

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியதாக, கெட்டி அட்டையுடன், கோடு போடாததாக இருந்தால் போதும். ஏ5 அளவு மடியில் நிற்கும். ஏ4 பக்கத்து இருக்கைக்குள் நீளும். விலை உயர்ந்த தாளில் கை கூசும் என்பதால் பயன்படாத பழைய டைரிகளே எனக்கு உகந்தவை.

வண்டி ஆடுகிறதே, கோடு எப்படி நேராக வரும்?

நேராக வராது, வர வேண்டியதும் இல்லை. ஆனாலும் ஆட்டத்தைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. பையை மடியில் வைத்து அதன்மேல் நோட்டை வைத்தால் அதிர்வில் ஒரு பகுதியைப் பை வாங்கிக்கொள்ளும். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டால் உடம்பும் நோட்டும் கையும் சேர்ந்தே ஆடும். சேர்ந்து ஆடும்போது கோடு அவ்வளவாகக் கோணுவதில்லை. பென்சிலை எழுதுவதுபோல் முனைக்கருகே பிடிக்காமல் நடுவில் தளர்வாகப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று, வண்டியின் நேரத்தைப் பழகிக்கொள்வது. 1931 முதல் மின்வண்டி ஓடும் இந்தத் தடத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, இரண்டையும் சேர்த்து 18 நிலையங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம் என்பதால் நிலையத்துக்கு நிலையம் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓடும்போது முதுகு, தோள், தொடை போன்ற பெரிய கோடுகளை இழுத்துவிட்டு, வண்டி நிற்கும் அந்தச் சில நொடிகளுக்கு விரல், காது, கண்ணாடிக் காம்பு போன்ற நுணுக்கங்களைத் தள்ளிவைப்பேன். சேத்துப்பட்டில் ஒரு காது, நுங்கம்பாக்கத்தில் ஒரு கை என்று படம் தவணையில் வளரும்.

எங்கே தொடங்குவது? முகத்திலா?

முகத்தில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் முகத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கண்ணையும் மூக்கையும் பொறுமையாக முடித்து நிமிர்ந்து பார்க்கும்போது ஆள் இறங்கிப் போயிருப்பார், தாளில் உடம்பில்லாத ஒரு தலை மிதந்துகொண்டிருக்கும். நான் முதலில் தேடுவது உடம்பின் கனம் எங்கே இறங்குகிறது என்பதைத்தான். ரயிலில் போகிறவர்கள் யாரும் நிமிர்ந்து உட்கார்ந்து காட்சி தருவதில்லை. ஜன்னல் கம்பியிலோ, இருக்கையின் சாய்மானத்திலோ, மடியிலிருக்கும் பையிலோ, பக்கத்தில் இருப்பவரின் தோளிலோ தங்கள் அன்றைய நாளைச் சாய்த்துவைத்திருப்பார்கள். அந்தச் சாய்மானத்தைப் பிடித்துவிட்டால் முகமே இல்லாவிட்டாலும் ஆள் தெரிவார்.

ஒரு மாலைப் பயணத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். மாம்பலத்தில் ஏறி எனக்கு எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்த ஒருவர், சைதாப்பேட்டை வருவதற்குள் உறங்கிவிட்டார். பிடரியிலிருந்து முதுகு வழியாக இருக்கை வரை ஒரே வளைகோடு. அதுதான் முதலில் போட்டது. அடுத்தது தோள்களின் சாய்வு: கம்பியில் சாய்ந்திருந்ததால் ஒரு தோள் காது வரை ஏறியிருந்தது, மற்றது சரிந்திருந்தது. பிறகு தொடைக்கு ஒரு கிடைக்கோடு, முழங்காலிலிருந்து கீழே இரண்டு கோடுகள். அடையாறு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி கிண்டியில் நிற்பதற்குள் இவ்வளவு முடிந்தது.

தலைக்கு ஒரு முட்டை வடிவம் போதும். ஆனால் மோவாய் மார்பில் பதிந்த தலையில் அளவுகள் எல்லாம் மாறிவிடும். நிமிர்ந்த முகத்தில் கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கும், கவிழ்ந்த முகத்தில் அவை பாதிக்கும் கீழே இறங்கிவிடும், உச்சந்தலை பெரிதாகத் தெரியும், காது கண்ணைவிட மேலே ஏறினாற்போல் தோன்றும். கண் சொல்வதை நம்பாமல், காது இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைவிலிருந்து போட்டால், உறங்குபவர் விழித்துக்கொண்டு நம்மை முறைப்பதுபோல் ஆகிவிடும். உட்கார்ந்தவரின் உயரத்தில் ஐயம் வந்தால் தலையையே அளவுகோலாகக் கொள்ளலாம். நின்றால் ஏழு, ஏழரைத் தலை உயரம் இருப்பவர், நிமிர்ந்து உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய நான்கு தலை இருப்பார். உறங்கிச் சரிந்தால் அதிலும் அரைத்தலை குறையும்.

பரங்கிமலையில் வண்டி நின்றபோதுதான் அவருடைய கையைக் கவனித்தேன். சாப்பாட்டுப் பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். உறக்கத்தில் விரல்கள் முழுவதும் விரிந்து தளர்ந்திருந்தன, வார் மட்டும் இறுக்கமாக இருந்தது. அந்தப் படத்தில் நான் அழுத்திப் போட்ட கோடுகள் அந்த இரண்டு சுற்றுகள் மட்டுமே. மீனம்பாக்கத்தில் ஒரு கணம் கண்விழித்து வெளியே பார்த்துவிட்டு மீண்டும் உறங்கியவர், பல்லாவரத்தில் யாரும் எழுப்பாமலே எழுந்து இறங்கிப் போனார். பாதங்களை வரைய நேரமில்லை. அந்தப் படத்தில் அவருக்கு இன்றுவரை பாதங்கள் இல்லை.

வரைந்துகொண்டிருக்கும்போதே ஆள் அசைந்துவிட்டால் என்ன செய்வது?

பயணிகளின் அசைவுகளில் பாதி திரும்பி வருபவை. கைபேசியைப் பார்ப்பவர் தலையைத் தூக்கி நிலையத்தின் பெயரைப் பார்த்துவிட்டு மறுபடி குனிவார். பூக்கட்டும் பெண்ணைப் பாருங்கள்: மடியிலிருந்து இரண்டு மல்லிகை, எதிர்ப்பக்கம் திருப்பி இன்னும் இரண்டு, நாரில் ஒரு சுற்று, ஓர் இழுப்பு; சில நொடிகளுக்கொருமுறை கை தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். இழுக்கும் நிலையை வரைவது என்று முடிவுசெய்துவிட்டால், அது வரும்போது மட்டும் பார்த்து, மற்ற நேரத்தில் கூந்தலையும் கூடையையும் வரைந்துகொண்டிருக்கலாம். பாதியில் விட்ட படத்தை அடித்துவிடாமல் அதே பக்கத்தில் பக்கத்திலேயே இன்னொன்றைத் தொடங்குங்கள். பழைய நிலைக்கு அவர் திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒருவர் இறங்கி அதே இடத்தில் வேறொருவர் வந்து அமர்ந்தால், முன்னவரின் உடம்புக்குப் பின்னவரின் காலை வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். சிலர் செய்கிறார்கள். எனக்கு மனம் ஒப்புவதில்லை.

நெரிசல் நேரத்தில் முடியுமா?

காலை எட்டரை மணி வண்டியில் நோட்டை விரிக்க இடம் தேடுவது மற்றவர்களுக்குச் செய்யும் தொல்லை. இருக்கை கிடைத்திருந்தால் மட்டும், தலைக்கு மேல் கைப்பிடிகளைப் பற்றியிருக்கும் கைகளை வரையலாம். வளையல், கடிகாரம், கோயில் கயிறு, பேனா மைக்கறை என்று கைகளிலேயே ஒரு ஊர் இருக்கும்.

ரயில், பேருந்து, மெட்ரோ: எது வரைய ஏற்றது?

புறநகர் ரயிலுக்கே என் வாக்கு. இருக்கைகள் எதிரெதிராக இருப்பதால் முழு உருவம் தெரியும், வெளிச்சமும் ஒரு பக்கமாக விழும். காலையில் தாம்பரத்திலிருந்து வடக்கே போகும்போது வெயில் வலப்பக்க ஜன்னல்களில் நுழைவதால், முகத்தில் ஒரு பாதி ஒளி, மறுபாதி நிழல் என்று தானே பிரிந்துகிடக்கும்.

மாநகரப் பேருந்தில் முன்னோக்கிய இருக்கைகளில் உட்கார்ந்திருப்பவர்களின் பின்தலைதான் பெரும்பாலும் கிடைக்கும். அதைக் குறையென்று எண்ணாதீர்கள். பின்னல், கொண்டை, சட்டைக் காலர் தேய்ந்த பிடரி, காதுக்குப் பின்னால் செருகிய பென்சில் என்று முதுகுப்பக்கத்திலேயே வயதும் தொழிலும் தெரியும். ஆனால் பிரேக்கும் பள்ளமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதால் சிக்னலில் நிற்கும்போது மட்டுமே பென்சிலைத் தாளில் வைக்கிறேன்.

2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் ஆட்டமில்லை, வியர்வையில்லை, பக்கவாட்டு நீள இருக்கைகளில் எதிர்வரிசை முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். எல்லா வசதியும் இருந்தும் என் மெட்ரோப் படங்கள் உயிரில்லாமல்தான் இருக்கின்றன. அத்தனை பேரும் ஒரே கோணத்தில் கைபேசிக்குள் குனிந்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். கோடு ஆடாமல் வருவது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

வரையப்படுபவரிடம் அனுமதி கேட்க வேண்டாமா?

கேட்டால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைமுடியைக் கோதிக்கொண்டு, புகைப்படத்துக்குப்போல் சிரிப்பார். நாம் வரைய நினைத்தது அங்கே இருக்காது. அதனால் பெரும்பாலும் நான் கேட்பதில்லை. கேட்காத உரிமையை எடுத்துக்கொள்ளும்போது சில கட்டுப்பாடுகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவரைத் தொடர்ந்து உற்றுப் பார்ப்பதில்லை. இரண்டு நொடி பார்த்து, கண்ணை விலக்கி, நினைவிலிருந்து கோடு போட்டுவிட்டு மீண்டும் பார்ப்பது கைக்கும் நல்ல பயிற்சி. அவர் ஒருமுறை சங்கடமாக நெளிந்தாலோ, துப்பட்டாவையோ முந்தானையையோ இழுத்துவிட்டுக்கொண்டாலோ அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். ஆண்கள் இந்தக் கட்டுப்பாட்டை இருமடங்காகக் கொள்ள வேண்டும். தெரியாத பெண்ணை அடிக்கொருதரம் பார்ப்பதற்குப் பென்சில் ஒரு சாக்காகிவிடக் கூடாது. அழுபவரையும், பால் கொடுக்கும் தாயையும், உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரையும் நான் வரைவதில்லை.

இந்தத் தயக்கம் பெரிய கலைஞர்களுக்கும் இருந்திருக்கிறது. 1940இல் லண்டன்மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியபோது, ஆயிரக்கணக்கானவர்கள் சுரங்க ரயில் நிலையங்களின் நடைமேடைகளில் இரவைக் கழித்தார்கள். அவர்களைப் பார்த்த சிற்பி ஹென்றி மூர், அவர்கள் முன்னால் நோட்டை விரித்து வரைவதற்குக் கூசி, கண்ணில் படாதவாறு சில குறிப்புகளை மட்டும் எழுதிக்கொண்டு, பின்னர் நினைவிலிருந்தே வரைந்தார். இன்று உலகம் அறிந்த அந்தச் சுரங்கப்பாதைப் படங்கள் அப்படி வந்தவை.

பார்த்துவிட்டுக் கேட்டால் என்ன சொல்வது?

நோட்டை மூடாதீர்கள், மூடினால்தான் சந்தேகம் வரும். திருப்பிக் காட்டிவிடுங்கள். குரோம்பேட்டையில் இறங்கத் தயாராக நின்ற ஒரு பெரியவர் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்னையா வரையறீங்க?” என்று கேட்டார். “ஆமாங்கய்யா” என்று நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?” என்றார். “வண்டி ஆடிடுச்சுங்கய்யா” என்றேன். “வண்டி ஒண்ணும் பண்ணல, எங்கப்பாவுக்கும் இப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார்.

படத்தைக் கேட்பவர்களுக்குத் தாளைக் கிழித்துக் கொடுத்துவிடுவேன். வேண்டாம், அழித்துவிடு என்று சொல்பவர்களிடமும் வாதாடாமல் அந்தத் தாளையே கொடுத்துவிடுவேன். அப்படி இதுவரை இருமுறை நடந்திருக்கிறது.

கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் நிதானமாக வரையலாமே?

வரையலாம், ஆனால் அது வேறு வேலை. புகைப்படத்தில் ஜன்னல் கம்பியும் விளம்பரத் தாளும் மனிதரும் ஒரே அக்கறையோடு பதிந்திருப்பதால் எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் வரையத் தொடங்குவீர்கள். மூன்று நிமிடமே இருக்கும்போது விட வேண்டியவை தாமாகவே விட்டுப்போகும். அதோடு, முன்பின் தெரியாதவரைக் கேட்காமல் புகைப்படம் எடுப்பதை யாரும் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை.

ரப்பர் வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் திருத்தலாமா?

ரப்பரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தவறிய கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டால் கண் சரியானதைத்தான் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தபின் நிழல் தீற்றிச் சேர்க்கும் ஆசையை நான் பலமுறை அடக்கமுடியாமல் தோற்றிருக்கிறேன். அப்படித் திருத்திய படங்களில் ஒன்றுகூட முன்னைவிட நன்றாக ஆனதில்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று உரசிக் கரி பரவுவதைத் தடுக்க இடையில் பட்டர் பேப்பர் வைத்தால் போதும்.

நாளும் இடமும் எழுத வேண்டுமா?

எழுதுங்கள், அப்போதே எழுதுங்கள். “மாம்பலம்–பல்லாவரம், மாலை 6.40, மழை” என்று மூலையில் ஒரு வரி போதும். படத்தில் இல்லாத குடைகளும் ஈரத் தரையும் பின்னாளில் அந்த ஒரு சொல்லிலிருந்து திரும்ப வந்துவிடும்.

எத்தனை நாளில் கைவரும்?

நாள்கணக்குச் சொல்ல முடியாது. இரண்டு நோட்டுகள் தீர்ந்தபோது என் கோடுகளில் பயம் குறைந்திருந்தது. விரல்கள் மட்டும் இன்றும் வாழைச்சீப்புபோல்தான் வருகின்றன.

வரைந்துகொண்டே இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டால்?

விடத்தான் செய்வீர்கள். தாம்பரத்தோடு நிற்கும் வண்டியென்றால் கவலையில்லை. செங்கல்பட்டு வண்டியென்றால் அடுத்து பெருங்களத்தூர், நம் சீசன் டிக்கெட்டோ தாம்பரம் வரைக்கும்தான். இது எனக்கு மூன்றுமுறை ஆனபின், அலுவலகத்திலிருந்து திரும்பும் நாட்களில் நோட்டைத் தாம்பரத்துக்கு முந்தைய நிலையமான சானடோரியத்திலேயே மூடிவிடுவது என்று வைத்திருக்கிறேன். கை நல்ல வேகத்தில் இருக்கும் மாலைகளில் மட்டும், பெருங்களத்தூருக்கும் சேர்த்து முதலிலேயே சீட்டு எடுத்துவிடுகிறேன்.